லிட்டருக்கு எத்தனை: வேதாள மலைச் சருக்கம்

மைலேஜ் என்பது யாதோவெனின், ஒரு லிட்டர் எரிபொருளில் தன் வண்டி ஓடியதாக உரிமையாளர் நம்பும் தூரம் என்க. ‘ஓடிய தூரம்’ என்னாது ‘நம்பும் தூரம்’ என்றது என்னை? மாமனாரிடம் சொல்லும் எண், வண்டியை விற்கும்போது சொல்லும் எண், ஆபீஸில் பெட்ரோல் அலவன்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் எண் மூன்றும் வெவ்வேறாதலின். முன்னிரண்டும் ஏறும், மூன்றாவது மட்டும் இறங்கும்.

இவ்வெண் பிறக்கும் தலம் புனே. கோத்ரூட் பக்கம் வேதாள் டேக்டி என்றொரு குன்று உண்டு. மேலே வேதாளத்துக்குக் கோயில். சரிவில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், ஊரார் வாயில் ஏஆர்ஏஐ. கார் விளம்பரத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் எண்களில் பல இங்கே சான்று வாங்கியவை. முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பது வேதாளத்தின் பழைய தொழில் அல்லவா? இந்த மலையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எவ்வளவு கொடுக்குது?”

சோதனையில் குற்றம் காண்பார் அதன் இலக்கணம் அறியார். கார் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடும். மொத்தம் 1180 விநாடி. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி அணைந்திருக்கும். திரையில் நகரும் கோட்டை விட்டு விலகாமல் ஓட்டுநர் முடுக்கவும் பிரேக் பிடிக்கவும் வேண்டும். வெளிவரும் புகையைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பனை அளந்து, எரிந்தது எவ்வளவு என்று கணக்கிடுவர். இதில் பொய் இம்மியும் இல்லை. உருளைமேல் கர்வே சாலையும் இல்லை, அவ்வளவுதான். துப்பட்டாவால் முகம் முழுக்க மூடிக் கண்ணை மட்டும் காட்டியபடி எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டியை எந்தச் சோதனைச் சாலையும் இதுவரை உருளைமேல் ஏற்றியதில்லை.

மைலேஜ் கூட்டும் வழி பற்றி ஆசிரியர் இருதிறத்தர். வண்டியை மாற்றுக என்பார் புறத்திணையார். ஓட்டுநரை மாற்றுக என்பார் அகத்திணையார்.

புறத்திணையாருக்குக் காந்தம் முதற்பொருள். பெட்ரோல் குழாயில் கட்டினால் எரிபொருள் ஒழுக்கம் கற்றுக்கொள்ளுமாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளை நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்தது. மிகச் சில மட்டுமே, அதுவும் சொற்பமாக, பயன் தந்தன. காந்தம் கட்டியவர் அதே கையோடு அகலமான டயரும் கூரைமேல் பெட்டியும் மாட்டிக்கொள்வது மரபு. பெரிய கூரைப் பெட்டி விரைவுச்சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைத் தின்னும் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. மும்பை விரைவுச்சாலையில் காலிப் பெட்டியுடன் பறப்பவர் காற்றுக்குக் கப்பம் கட்டுகிறார் என்பது பெறப்படும். தசராவுக்கு முகப்பில் சாத்தும் சாமந்தி மாலையும் காற்றைத் தடுக்கும். அது ஒருநாள் வாழ்வாகலின் பொறுக்கத்தக்கது. சனிதோறும் பம்பரில் புதிதாகத் தொங்கும் எலுமிச்சை மிளகாயால் மட்டும் அறியத்தக்க இழப்பு இல்லை. ஆகவே, காசு கொடுத்து வாங்கும் உபரி உறுப்புகளுள் மைலேஜுக்குத் தீங்கு செய்யாதது அதுவே என்று துணிந்தாம்.

அகத்திணையார் கொள்கை எளிது: வலது கால். பச்சை விழ மூன்று விநாடி இருக்கும்போதே சீறிப் பாய்ந்து, அடுத்த சிவப்பில் சடாரென நிற்பவர், தாம் வாங்கிய வேகத்தை எல்லாம் பிரேக்கில் சூடாக்கி விற்றுவிடுகிறார். இவர்தாம் பங்க்கில் விலைப் பலகையைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டுபவரும்.

இப்பிரிவில் ஒரு கள்ளக்கொள்கையும் உண்டு: இறக்கத்தில் நியூட்ரல். இது பொருந்தாது. என்னை? இன்றைய ஊசிமுறை எஞ்சினில், கியரில் இருக்க ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் அறவே நிற்கும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ எஞ்சின் தானே உயிர்வாழச் சிறிது குடித்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செலவழிக்கிறார். புனேயில் காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரையான இறக்கத்தில் கனரக வண்டிகள் இப்படி வந்து பிரேக் பிடிக்காமல் மோதியது பலமுறை. 2022 நவம்பரில் ஒரே இரவில் 48 வண்டிகள் நசுங்கின. இந்தப் பத்தியை மட்டும் வாசகர் ஆய்வாக அன்றி எச்சரிக்கையாகவே கொள்க.

இனி அளவை. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது முறை. நுண்ணறிவாளர் நிரப்பும்போது காரை இருபுறமும் பிடித்து ஆட்டுவர், அரிசிக்காரர் படியைக் குலுக்கி அளப்பது போல, காற்றுக்குமிழி வெளியேறுமாம். பின்னால் நிற்கும் வரிசையிலிருந்து வெளியேறுவன யாம் இங்குக் குறிக்கத் தக்கன அல்ல. இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மராட்டியக் கரும்பு இப்படியும் நம் கணக்கில் நுழைந்துவிட்டது.

இறுதியாக இருசக்கர வாகனம். புனே அருகே ஆகுர்டியில் பஜாஜ் சேத்தக் உருவான காலத்தில், ரிசர்வும் தீர்ந்தபின் ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்த்து, மிச்சமிருக்கும் சொட்டுகளை எஞ்சினுக்கு வரவழைப்பர். அந்தச் சொட்டுகளில் ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தால் ஏஆர்ஏஐயே வியக்கும். அதனினும் மேம்பட்டது ஒன்று உண்டு. பெட்ரோல் அறவே தீர்ந்த வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் வரும் நண்பர் தம் வண்டியிலிருந்து ஒரு காலை நீட்டி அதை உதைத்துத் தள்ளியபடியே பங்க் வரை கொண்டுபோவார். முன்வண்டியின் செலவு பூஜ்யம், தூரம் ஒரு கிலோமீட்டர். வகுத்தால் விடை முடிவிலி. பின்வண்டியின் மைலேஜ் என்னவென்று கேட்டபோது தள்ளியவர் பதில் சொல்லவில்லை; முன்னவரிடம் அரை லிட்டருக்குக் காசு கேட்டுக்கொண்டிருந்தார்.