கோடைகால வேதாளம்

விடுமுறை விட்ட மறுநாளே, வீட்டில் மாவடுவுக்கு உப்புப் போட்டு முடிவதற்குள், என் பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து (பெயர் வேண்டாம்; பையன் இன்னும் சில வருஷம் அங்கே காலம் தள்ள வேண்டியவன்) வாட்ஸப் மார்க்கமாக ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் பயிலும் மாணவ மாணவியர் நாள்தோறும் அரைமணி நேரம் வாசிப்பும் அரைமணி நேரம் கேட்டலும் பயில வேண்டும் என்றும், அதற்கு அத்தாட்சியாக இணைப்பில் கண்ட அட்டவணையைப் பூர்த்தி செய்து, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பத்துடன் ஜூன் மாதம் சமர்ப்பிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தேதி, புத்தகத்தின் பெயர், பக்கம், நேரம், புதிதாக அறிந்த சொற்கள் என்று வரிசையாகப் போன அந்த அட்டவணை, கடைசிப் பத்தியில் 'இதனால் அறியப்படும் நீதி' என்று முடிந்திருந்தது.

"தாத்தா, நீங்க மொத்தமாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான் பேரன். குமாஸ்தாவாக நாற்பது வருஷம் உழைத்தவர்களுக்கும் எளிதில் கைவராத ஞானம் அது.

பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும் வழக்கம் நம்மில் யாருக்கு இல்லை? மடியில் செய்தித்தாளை விரித்து, அதன் மறைவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, "எந்நேரமும் போனா? ஒரு புஸ்தகத்தை எடுத்தால் என்னடா?" என்று உபதேசிக்கும் கலையில் எனக்கு நிகராக எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மட்டுமே உண்டு. ஆகவே, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் வாசிப்பை வளர்ப்பதற்கு அனுபவத்தில் கண்ட மூன்று உபாயங்களை உலகுக்கு அறிவிக்கும் பொருட்டே இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உபாயங்களுக்கு வருகிறேன்.

1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் பிறந்த 'அம்புலிமாமா'வை அறியாத என் வயதினர் இருக்க முடியாது. அதிலே மாதந்தோறும் விக்கிரமாதித்த மகாராஜா மரத்தில் ஏறி, வேதாளத்தை இறக்கித் தோளில் சுமந்து மௌனமாய் நடப்பார். வேதாளம் கதை சொல்லும். கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை சுக்குநூறாகிவிடும் என்று மிரட்டும். மகாராஜா வாயைத் திறந்து சரியான விடையைச் சொல்வார். சொன்ன மாத்திரத்தில் வேதாளம் பறந்துபோய் மறுபடியும் மரத்தில் தொங்கும். மூலத்தில் இருபத்தைந்தே கதைகள். பத்திரிகையிலோ பல்லாண்டு காலம் அந்தச் சக்கரவர்த்தி இறங்கியபாடில்லை. கதை முடிந்ததும் கேள்வி கேட்பது வேதாளத்தின் தொழில் என்பதும், கேள்விக்கு விடை சொன்னால் கைக்கு வந்த கதை கைநழுவிப் போகும் என்பதும் அக்காலத்துச் சிறுவர்க்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியவில்லை.

சரி, நீதிதானே வேண்டும், எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது நான் பேரன் வயதுப் பையன். கணக்குப் புத்தகத்துக்குள் அது கச்சிதமாக அடங்கும். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கை மட்டும் தெரிய உடம்பெல்லாம் மறைந்துபோகும் அந்த மகானுபாவனின் சரித்திரத்தால் அறியப்படும் நீதி என்ன? "ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது" என்று எழுதினான் பேரன். அடுத்தது தெனாலிராமன். பூனை வளர்க்க அரசர் பசுவைத் தர, கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்துப் பூனையின் நாக்கைச் சுட்டு, அதன் பிறகு பால் என்றாலே அது பாய்ந்தோடும்படி செய்து, பாலைத் தான் குடித்தவன் அவன். "சர்க்கார் மானியத்தை உரியவர் தொடாதபடி பார்த்துக்கொண்டால் நாமே அனுபவிக்கலாம்" என்பதைத் தவிர வேறு நீதி எனக்கு அகப்படவில்லை; உத்தியோக வட்டாரத்தில் பலர் அதைச் சிறு வயதிலேயே கசடறக் கற்றிருக்க வேண்டும். வந்தியத்தேவனுக்கு, "ஓலை கொண்டு போகிறவன் வழியில் வேடிக்கை பார்க்கலாகாது" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அவன் மட்டும் வேடிக்கை பார்க்காமல் போயிருந்தால், 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் அத்தனை வாரம் கதை ஓடியிருக்குமா, ஐந்து பாகம் ஆகியிருக்குமா, தஞ்சாவூருக்கு ஒரு தபால் போய்ச் சேர்ந்தது என்று ஒரு பக்கத்தில் அல்லவா முடிந்திருக்கும் என்றெல்லாம் நான் விஸ்தரித்துக்கொண்டு போகையில், மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, அவனை எழுத விடுங்க" என்றாள்.

கேட்டல் விஷயம் இதனினும் விசித்திரம். கைப்பேசியில் ஒலிநூலைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டவன், அரைமணிப் பாடத்தைக் கால்மணியில் தீர்க்கும் உத்தேசத்துடன் இரட்டை வேகத்தில் ஓடவிட்டான். குந்தவைப் பிராட்டி மார்க்கெட்டில் மீன் ஏலம் விடுகிறவரைப் போலப் பேசிக்கொண்டு போனாள். மிச்சமான கால்மணியில் கிரிக்கெட். அட்டவணையில் 'முப்பது நிமிடம்' என்று பதிவாயிற்று. திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் சொற்பொழிவின் நடுவே முன்வரிசைச் சிறுவர்களைக் கேள்வி கேட்டு, விடை சொன்னவனுக்குப் பரிசு தருவதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே நாங்கள் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து முன்னே போய் உட்காருவோம். அவர் கேட்டதும் கேள்விதான். ஆனால் கையொப்பம் கேட்டதில்லை.

நிற்க. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக இயலுக்கென ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர், வாசகரின் காலத்தை வீணாக்காதே என்னும் போக்கில் அமைந்த அந்த ஐந்தில் ஒன்றிலேனும் நீதிக்கென்று பத்தி கிடையாது. அவருடைய முயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பலனாக இன்றளவும் வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். கோடை முகாம் என்ற பெயரில் பிள்ளைகளைக் காலையில் நீச்சலுக்கும் மாலையில் அபாகஸுக்கும் பணம் கட்டி விரட்டுகிற பெற்றோர், ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட இந்த இடத்தின் வாசற்படியை மிதிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வயிற்றெரிச்சல்.

எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பிள்ளைகளைக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டு, என்ன எடுத்தான், எத்தனை பக்கம் படித்தான் என்று எட்டிப் பாராமல், தயவுசெய்து திரும்பிப் போய்விடுங்கள். போகாமல் உட்கார்ந்தே தீருவதென்றால், மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலியை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அதில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு நான் வாசித்துக்கொண்டிருப்பேன்.