கருடன் எனப்படுவது யாதெனின்: மதுரை வட்டாரப் பறவைப் பெயர்கள் குறித்து ஓர் ஆய்வு

மதுரை வானத்தில் வட்டமிடும் ஒரு பறவைக்குக் கழுகு, கருடன், பிராமினி கைட் என்று மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மூன்றும் தப்பு என்பது இவ்வாய்வின் துணிபு. சரியான பெயர் ஒன்று உண்டு: செம்பருந்து. அதை யாரும் சொல்வதில்லை.

முதலில் அயலார் சாட்சியம். 1760இல் பிரிசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் புதுச்சேரிக் கழுகு என்று எழுதிவைத்தார். 1783இல் போடார்ட் என்ற டச்சுக்காரர் ‘பால்கோ இண்டஸ்’ எனப் பெயரிட்டு வல்லூறுகளோடு சேர்த்தார். ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போனால் இன்னொரு தப்பு ஏறுமே, அந்தக் கதைதான். ஆங்கிலேயர் பங்குக்குப் ‘பிராமினி’ பட்டம் கொடுத்தார்கள். மீன், நண்டு, செத்த எலி என எதையும் தள்ளாத பறவைக்கு இந்தப் பட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். வங்காளத்துப் பிராமணர் மீன் உண்பர். அங்கே இந்த ஆட்சேபம் பாதிதான் செல்லும்.

கருடன் என்ற பெயர்தான் நம் ஊர்ச் சிக்கல். சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில் அழகர் கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிறார். துர்வாசர் சாபத்தால் தவளையானவர் இம்முனிவர். உயிரியல் நோக்கில் இது மிகத் துணிச்சலான ஏற்பாடு. செம்பருந்தின் சாப்பாட்டில் தவளையும் சேர்த்தி. அழகர் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இதுவரை அசம்பாவிதம் ஏதும் பதிவாகவில்லை.

இன்னொன்று: இதன் இளம்பறவை உடம்பெல்லாம் பழுப்பு. வெள்ளைத் தலையும் செங்கல் நிறமும் வரும்வரை அதைப் பார்த்து யாரும் ‘கிருஷ்ணா, கிருஷ்ணா’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே கருடத்தன்மை பிறப்பால் வருவதன்று.

பின் எதனால் வருகிறது? பார்ப்பவர் நிலைமையால். கரிமேட்டு மீன்கடைமேல் சுற்றினால் பருந்து. கோழிக்குஞ்சைத் தூக்கினால் கழுகு, கூடவே அச்சேற்ற முடியாத அடைமொழிகள் இரண்டு. கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே வந்தால் கருடன். கீழே கூட்டம் கைகூப்பிவிடும். வந்தது பெரும்பாலும் ஊர்க் குப்பைமேட்டில் குடியிருக்கும் கரும்பருந்துதான். குருக்கள் அதைச் சோதித்துக்கொண்டு நிற்க முடியாது. நல்ல நேரம் போய்விடும்.

அசல் கழுகு வேண்டுவோர் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளுக்குப் போகவேண்டும். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ராஜாளிக் கழுகு, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு எல்லாம் அங்கே உண்டு. அவை நகரத்துக்கு வந்து உரிமை கோராததால், கழுகுப் பட்டம் பருந்திடமே இருக்கிறது.

எனவே பக்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கும்பாபிஷேகத்தில் தலைக்கு மேல் பறவை வந்ததும் வாலைப் பாருங்கள். நுனி வளைந்து விரிந்திருந்தால் செம்பருந்து, கவைபோல் பிளந்திருந்தால் கரும்பருந்து. பார்த்துவிட்டு, எதுவானாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.