சித்தப்பாவின் செல்லில் இடமில்லை: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் தொடங்குவது மரபு. திந்திரிணி வனம் என்பதே திண்டிவனம் என்று மருவியது என்பர். திந்திரிணி என்றால் புளியமரம். புளியங்காட்டுக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர், முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்திராதவர். முதல் இயலுக்கும் ஆய்வுப் பொருளுக்கும் சம்பந்தம் இருந்தே தீரவேண்டும் என்று எந்த நெறியாளரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை.

இவ்வூருக்கு ஆராய்ச்சி புதிதுமன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. விதைக்கடலை ரகங்களில் டி.எம்.வி. 7 என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தின் சுருக்கம். அந்நிலையம் கடலைக்குச் செய்ததைச் செல்போனுக்குச் செய்ய இக்கட்டுரை முயல்கிறது. கடலை பின்னால் ஒருமுறை தலைகாட்டும்.

ஆய்வுப் பொருள், 2019இல் வாங்கப்பட்ட ஓர் ஆண்ட்ராய்டு போன். உரிமையாளர் இவ்வாய்வாளனின் சித்தப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நோய்க்குறிகள் பின்வருமாறு. மணி அடிக்கும், பச்சை வட்டம் திரையில் வருவதற்குள் கூப்பிட்டவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார். கேமராவைத் திறந்தால், சாமி ஊர்வலம் தெருமுனை திரும்பிய பிறகு திறக்கும். திண்டிவனத்தில் நூறு சதவீதத்தோடு பஸ் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் பேட்டரி பாதி காலி. திண்டிவனம்–நகரி ரயில் பாதைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பழகிய ஊர்க்காரருக்கே பொறுமை போய்விட்டது என்றால் நோயின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

முன்னோர் ஆய்வுகளைச் சீர்தூக்குவது அடுத்த கடமை. மேம்பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் மூன்று மாலைப் பொழுதுகள் நடத்திய களஆய்வில், செல்போன் மந்தம் பற்றி அறிஞர்களிடையே மூன்று கட்சிகள் இருப்பது தெரியவந்தது.

முதலாவது, தள்ளுவார் கட்சி. திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி மூடுவது இவர்கள் கொள்கை. கையைத் துடைத்துக்கொள்வது போன்ற ஒரு திருப்தி இவர்கள் முகத்தில் தெரியும். இதற்கு மறுப்பு: ரேம் என்பது காலியாக வைத்திருக்க வாங்கிய இடமன்று. பயன்படுத்திய ஆப்பை அதிலேயே உட்கார வைத்திருந்தால் அடுத்த முறை சட்டென்று எழுந்து வரும். இடம் போதாவிட்டால் எதை எழுப்பி அனுப்புவது என்று ஆண்ட்ராய்டுக்கே தெரியும். ஒவ்வொரு டீக்கும் பாய்லரைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மாஸ்டரை எண்ணிப் பாருங்கள். தள்ளுவார் செய்வது அதுவே. விறகும் வீண், டீயும் தாமதம். ஆண்ட்ராய்டைப் பொறுப்பேற்று நடத்திய ஹிரோஷி லாக்ஹைமரிடம் 2016இல் இதைக் கேட்டபோது, தள்ளி மூடுவதால் பேட்டரிக்கு நன்மையில்லை, கொஞ்சம் கெடுதல்கூட வரலாம் என்றார். டீக்கடையில் இதை எடுத்துச் சொன்னேன். “அவரு சொல்றது அமெரிக்கா போனுக்கு தம்பி” என்று பதில் வந்தது. மறுக்க இயலவில்லை.

இரண்டாவது, வடிப்பார் கட்சி. பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்த பிறகே சார்ஜில் போடவேண்டும் என்பவர்கள். நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. பாதியில் சார்ஜ் போட்டால் அது பாதியையே முழுசு என்று நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் சோனி நிறுவனம் 1991இல் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசும் வந்துவிட்டது. லித்தியத்துக்கு அந்த ஞாபக தோஷம் கிடையாது. அது சர்க்கரை நோயாளி மாதிரி. பட்டினியும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது, வேளைக்குக் கொஞ்சம். 20க்குக் கீழே போகாமல், 80க்கு மேலே தங்காமல் வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும்.

லித்தியத்தின் உண்மையான எதிரி வெயில். கத்திரி வெயிலில் மோட்டார் சைக்கிள் முன்னால் போனை மாட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போவது, சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் செருகுவது இரண்டும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சூடு மிஞ்சினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நடுப்பகல் மந்தத்தில் பாதி இந்த வகைதான். இதை நான் விளக்கியதும் சித்தப்பா ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார். அன்று மாலை சித்தி பிரிட்ஜைத் திறந்தபோது மாவுக் குண்டானுக்குப் பக்கத்தில் போன் சில்லென்று கிடந்தது. வெளியே எடுத்ததும் அதன் மேல் முத்து முத்தாக வியர்த்தது. அப்படிக் கோக்கும் நீர் உள்ளே இறங்கினால் போர்டே போய்விடும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லாதது ஆய்வாளனின் பிழை.

மூன்றாவது கட்சியான துடைப்பாரைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. துடைப்பம் படம் போட்ட ஆப் ஒன்றை இறக்கி, அது காட்டும் விளம்பரங்களை ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் “உங்கள் போன் வேகமாகிவிட்டது” என்ற அறிவிப்பைப் படித்து மகிழ்பவர்கள். விளம்பரத் தொல்லைக்காக 2020 பிப்ரவரியில் ஏறக்குறைய 600 ஆப்களைக் கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியிடம் இன்றைக்கு ஸ்மார்ட்போன் இருந்திருந்தால் அவர் இந்தக் கட்சியில்தான் சேர்ந்திருப்பார்.

முன்னோரை மறுத்தாயிற்று. இனி அகழாய்வு. போனின் சேமிப்பகம் 32 ஜிபி. கைவசம் மிச்சமிருந்தது 300 எம்பி. வாட்ஸ்அப் ஒன்று மட்டும் 14 ஜிபியில் குடியிருந்தது. அதன் மீடியா கோப்புறையைத் திறந்து, கீழடியில் குழி இறக்குவது போல் மேலிருந்து கீழே போனேன். மேலடுக்கில் அன்று காலையின் ரோஜாப்பூக்கள், ஆவி பறக்கும் காபி, முருகன். ஒரு சாண் தோண்டியதும் 2024 டிசம்பர். பெஞ்சல் புயல் அடுக்கு. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிய சமயம். தண்ணீர் ஓடும் ஒரே பாலத்தின் வீடியோ ஏழு கிடைத்தன. ஆளாளுக்குத் தங்கள் வாசகத்தை ஒட்டி அனுப்பியதால் ஏழும் தனித்தனிக் கோப்புகள். அதற்கும் கீழே 2020ஆம் ஆண்டின் கபசுரக் குடிநீர் அடுக்கு. இது கனமான படிவம். அடிமட்டத்தில், போன் வாங்கிய அன்று கடைக்காரர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்டிய சித்தப்பாவின் மங்கலான வலது காது. திருவக்கரைக் கல்மரங்களுக்கு இரண்டு கோடி வயது என்கிறார்கள்; இந்தப் படிவங்களும் இன்னும் கொஞ்சம் விட்டால் கல்லாகியிருக்கும்.

இது திண்டிவனத்து நோய் மட்டுமன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீராக ஓடத் தொடங்கியபின் நாடு முழுக்கப் பரவியது. இந்தியர்களின் போன்கள் ஏன் உறைந்து நிற்கின்றன என்று கூகுள் ஆட்கள் ஆராய்ந்து, காரணம் குட்மார்னிங் படங்கள் என்று கண்டுபிடித்ததை 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாகவே எழுதியது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூவரில் ஒருவருக்கு அன்றாடம் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கும் அதில் இருந்தது. இதற்கென்றே 2017 டிசம்பரில் கூகுள் ஃபைல்ஸ் கோ என்ற ஆப்பை வெளியிட்டது. நம் பூங்கொத்துகளைப் பொறுக்கி எடுக்க ஒரு பன்னாட்டு நிறுவனம் பொறியாளர்களை உட்கார வைத்தது, இந்நாட்டின் விருந்தோம்பலுக்குக் கிடைத்த சான்று.

இடம் நிறைந்தால் வேகம் ஏன் குறைய வேண்டும்? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். போனின் சேமிப்புச் சில்லில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது; பழைய இலையை எடுத்து, மேசையைத் துடைத்த பிறகே புது இலை போடலாம். காலி மேசைகள் இருக்கும்வரை வந்தவர் நேரே உட்காருவார். மண்டபம் நிறைந்துவிட்டால் ஒவ்வோர் ஆளுக்கும் யாரோ எழுந்திருக்கும்வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான். சித்தப்பாவின் பச்சை வட்டம் அப்படி நின்றுகொண்டிருந்தது. இது போதாதென்று தினமும் அதிகாலை 2 மணிக்கு வாட்ஸ்அப் அரட்டைகளைப் பிரதி எடுத்து, கடைசி ஏழு நாள் பிரதிகளைப் போனிலேயே வைத்துக்கொள்கிறது.

இதற்கிடையில் சார்ஜும் சரியாக ஏறவில்லை என்ற புகார் சேர்ந்தது; அதற்காக ஒரு செல்போன் கடைக்குப் போனோம். கடைப் பையன் சார்ஜ் போடும் துளையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் முனையை இன்னும் சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு ஓரமாகச் சுரண்டினான். சட்டைப் பை நூல் திரண்டு ஒரு சாம்பல் உருண்டை வந்தது. அதன் பின்னால் மெல்லிய, சிவந்த, மடிந்த ஒரு கடலைத் தோல். இதுவே ஆய்வின் மிக முக்கியமான தொல்பொருள். டி.எம்.வி. எத்தனையாம் எண் என்று நிர்ணயிப்பதற்குள் பையன் ஊதிவிட்டான்.

“ஐயா, பேட்டரியும் கிழடாயிடுச்சு, மாத்திடலாம்” என்றான். நியாயம்தான். 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சவேண்டும் என்பது 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் விதி. ஆறு வருடம் நாளுக்கு ஒரு முறை என்றாலே சித்தப்பா இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டார். மாற்றினோம்.

பிறகு பையன் செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற இடத்தை விரலால் ஏழு முறை தட்டினான். ஆறு போதாது, ஏழு. “இப்ப நீங்க டெவலப்பர் ஆயிட்டீங்க” என்ற பொருளில் போன் ஒரு வரி காட்டியது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே அனிமேஷன் தொடர்பான மூன்று அளவுகளையும் ஒன்றிலிருந்து அரையாக்கினான். திரை விரிவதும் மடங்குவதும் பாதி நேரத்தில் முடிந்தன. போனின் வேகம் இதனால் கூடுவதில்லை. ஆலாபனை குறைகிறது, அவ்வளவே.

மீதமிருந்தது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து, வாட்ஸ்அப்பில் பலமுறை பகிரப்பட்டவற்றைத் தனியே காட்டும் பக்கத்தைத் திறந்தேன்.

“எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா சித்தப்பா?”

“கை வைக்காத.” குரல் கூட்டுறவுச் சங்கக் குரலாக மாறிவிட்டது. “வந்தவாசி சம்பந்தி தினம் அஞ்சரைக்கு ஒண்ணு போடுறார். நான் ஒருநாள் போடலன்னா கேட்டுருவார். மரக்காணத்துக்காரன் போன ஆடியிலேருந்து போடறதில்ல. எல்லாம் இதுல இருக்கு. அழிச்சிட்டா யார் போட்டான், யார் போடலன்னு எப்பிடித் தெரியும்?”

ஆய்வின் முடிவு அந்த நொடியில் கிடைத்தது. கூகுளின் பொறியாளர்கள் இதைக் குப்பை என்று நினைத்தார்கள். இது மொய் நோட்டு. மொய் நோட்டைக் கிழித்தெறிந்த குடும்பம் உண்டா? காது குத்திய பேரப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அது பீரோவில் இருக்கும். ரோஜாப்பூவுக்கு ரோஜாப்பூ, முருகனுக்கு முருகன். வரவும் பற்றும் தேதியோடு.

இருதரப்பும் இறங்கிவந்தோம். பழைய 14 ஜிபியை மருமகளின் லேப்டாப்பில் ஏற்றி “மொய்” என்று பெயரிட்டு வைத்தேன். அதன்பின் போனில் அழிக்கச் சம்மதித்தார். வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். திரையை அணைத்து அசையாமல் வைத்தால் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே போன் தானாகத் துயிலில் ஆழ்ந்து பேட்டரியைக் காக்கும், நிமிடத்துக்கொருமுறை எழுப்பாதீர்கள் என்றும் சொல்லிவைத்தேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை ஐந்தே முக்கால். திண்ணையில் சித்தப்பா. திரையில் வரிசையாக மங்கல் படங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அம்புக்குறி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வோர் அம்பாகத் தொட்டு இறக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் இவ்வளவும் இறங்க எட்டு மணியாகும். இப்போது போன் வேகமாக இருப்பதால் சித்தி கொடுத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு, பதில் ரோஜாக்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்.