கெம்பஸ் தம்பி

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர் தோட்டங்களில் இன்று காணக்கிடைக்கும் மனித வகைகளுள், முகாமைத்துவமோ கணினியோ பயின்று இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் 'கெம்பஸ் தம்பி' தனித்து ஆராயத்தக்கவர். 1995இல் நிறுவப்பட்டுப் பெலிஹுல்ஓயாவில் இயங்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் கொண்டுவரும் சுமைகளுள் மிகக் கனமானது நிறுவன நடத்தையியல் ஆகும். ஒரு நிறுவனத்துக்குள் மனிதர் தனியாகவும் குழுவாகவும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை ஆராயும் இவ்வியலை அவர் பரீட்சையோடு விட்டுவிடாமல், லயத்து மக்கள்மீது பிரயோகித்துப் பார்க்கிறார்.

முதலில் அகப்படுபவர் தாயார். குறையைப் பாராட்டுகள் இரண்டுக்கு நடுவே வைத்துச் சொல்லவேண்டும் என்பது பின்னூட்ட முறைகளுள் ஒன்றாதலால், ரொட்டி மிகச் சிறப்பு என்று தொடங்கி, சம்பலில் உப்புச் சற்று மிகுந்திருப்பதைக் குறிப்பிட்டு, எனினும் முயற்சி போற்றத்தக்கது என்று அவர் முடிக்க, விடிந்தால் கொழுந்துக்கு ஓடவேண்டிய அந்த அம்மாள், "உப்புக் கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்தையில சொல்றதுக்கு என்னடா, மொதல்ல கொடத்த எடுத்துக்கிட்டு பீலிக்குப் போ" என்று, வேலைப்பகிர்வு என்னும் அடுத்த அத்தியாயத்தையும் சேர்த்தே நடத்திவிடுகிறார்.

அடுத்த களம் மாரியம்மன் திருவிழாக் கமிட்டி. ஒரு குழு உருவாதல், கொந்தளித்தல், நெறிப்படுதல், செயற்படுதல் என நான்கு படிகளைக் கடக்கும் என்று 1965இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் வகுத்ததைத் தம்பி நன்கு அறிவார். ஆனால் வசூல் கணக்கை யார் பார்ப்பது, மேளக்காரருக்கு யார் வாக்குக் கொடுத்தது, மேல் லயத்துக்கா கீழ் லயத்துக்கா முதல் மரியாதை என்று அக்கமிட்டி தோன்றிய நாள் முதல் இரண்டாம் படியிலேயே நிலைகொண்டிருப்பதோடு, அங்கு நின்றபடியே ஆண்டுதோறும் குறையின்றித் திருவிழாவையும் நடத்தி முடிக்கிறது. கரகம் வீதியில் ஆடிவரும்போதும், குழு இன்னும் செயற்படும் நிலையை எட்டவில்லை என்றே அவர் குறிப்பேடு சொல்கிறது. டக்மன் தவறியிருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை.

அதிகாரத்தின் ஊற்றுகள் பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், ஈர்ப்பு என ஐந்து என்று 1959இல் பிரெஞ்ச், ரேவன் என்னும் இருவர் கூறியதை விளக்கும்போதே அவர் உண்மையில் ஒளிர்கிறார். பதவி பெரிய துரையிடமும், நிபுணத்துவம் டீமேக்கரிடமும், ஈர்ப்பு தொழிற்சங்கத் தலைவரிடமும் இருக்க, முழுப்பேரும் அரைப்பேரும் போடவல்ல கணக்கப்பிள்ளையின் பேனாவிலோ வெகுமதியும் தண்டனையும் ஒருங்கே உறைகின்றன என்று அவர் காட்டும் பொருத்தத்தில் பிழை காண்பது அரிது. பாடநூலுக்கு நிறுவனம் என்பது காலையில் சென்று மாலையில் திரும்பும் இடம். தோட்டத்திலோ வேலை, வீடு, பிள்ளைக்காம்பரா யாவும் அதற்குள்ளேயே அடங்குவதால், பணிநேரம் முடிந்தபின் அதிலிருந்து வெளியேற வழியில்லை. அதனாற்போலும், இவ்விளக்கத்தின் நடுவே துரையின் ஜீப் வளைவில் திரும்பும் ஓசை கேட்டால், பிரெஞ்சும் ரேவனும் நினைவுக்கு வருமுன்னரே தம்பியின் கை மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுகிறது. தகப்பனார் சிரித்தால், அது அதிகாரத்துக்குப் பணிவதன்று, நிறுவனப் பண்பாட்டோடு இசைவது என்று அவர் நெடுநேரம் விளக்குவார். ஜீப் கண்ணுக்கு மறைந்தபின்தான் விளக்குவார்.