அவுன்ஸ் கணக்கில் அவுட்

ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரு திரவ அவுன்ஸ் 29.57 மில்லிலிட்டர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெருக்கணுமா, வகுக்கணுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், பொங்கலுக்குப் பாயசம் வைக்க இறங்கினேன். அம்மா போனில், "வெல்லப்பாகு கால் லிட்டர் விட்டாப் போதும்டா" என்றாள். வகுத்தேன்; எட்டரை அவுன்ஸ் வந்தது. வகுத்தது சரி என்ற மிதப்பில், தராசில் வைத்து எட்டரை அவுன்ஸ் பாகை நிறுத்து ஊற்றினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அவுன்ஸில் இரண்டு ஜாதி: ஒன்று கொள்ளளவு, மற்றது எடை. தண்ணீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பாகோ கனம். 8 திரவ அவுன்ஸ் தேனைத் தராசில் வைத்தால் 12 காட்டும். பாகும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆக, மூன்றில் ஒரு பங்கு இனிப்பு குறைந்துபோனது. "சுகர்காரங்களுக்கு ஏத்த பாயசம்" என்று ஒருவர் பாராட்டினார். அதற்காகவே குறைத்துப் போட்டேன் என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

பிறகு இங்கிலாந்துப் பயணம். வாடகைக் கார் கேலனுக்கு 40 மைல் கொடுத்தது. ஊரில் என் கார் 33தான். "வெள்ளைக்காரன் இன்ஜினே தனி" என்று போகிற வீட்டிலெல்லாம் அளந்தேன். அமெரிக்கர்கள் வைத்திருப்பது 1707இல் ஆன் ராணி காலத்தில் சட்டமான ஒயின் கேலன். 231 கன அங்குலம். பிரிட்டிஷ்காரர்கள் 1824இல் 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் புது கேலனுக்கு மாறிவிட்டார்கள், அது 4.546 லிட்டர். அந்த 40ஐ நம் கேலனுக்கு மாற்றினால் அதே 33! இந்தச் சரித்திரமெல்லாம் எனக்கு முன்பே மனப்பாடம். அளக்கும்போதுதான் நினைவுக்கு வரவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், இங்கே பால் கேனிலேயே கேலனுக்குப் பக்கத்தில் லிட்டரும் அச்சிட்டிருக்கிறது. எங்கள் வீட்டு அளவுக் கோப்பையைத் திருப்பினால் மறுபக்கம் மில்லிலிட்டர் கோடு. மனைவி திருப்பிக் காட்டியபோது, "தெரியும், மூளைக்கு வேலை கொடுக்கிறேன்" என்றேன்.

இப்போது சமையலறையில் எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை மட்டும்தான். அதை எண்ணியே கொடுத்துவிடுகிறாள்.