ராக்கெட்டை விட்டுவிட்டுப் பறந்த ராக்கெட்

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று திருவாரூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனுநீதிச் சோழனின் பிள்ளை வீதிவிடங்கன் தேரேறிக் கிளம்பினான். கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. தேர் நிற்கவில்லை. பசு மணியடித்தது, ராஜா தீர்ப்புச் சொன்னார், கதை கோயிலடியில் கல்தேராக நிற்கிறது. நீதியைப் பற்றி இத்தனை காலம் பேசினோமே, ஒருவராவது பிரேக்கைப் பற்றிக் கேட்டோமா? அந்தக் கோயிலின் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் போட்டுக் கொடுத்தது நம் காலத்தில்தான். சற்றே தாமதம்.

1958-இல் அமெரிக்கர்களுக்கும் இதே கவலை. மனிதனை விண்வெளிக்கு அனுப்பியாக வேண்டும். அவர்களுடைய ராக்கெட்டுகளுக்கோ வெடிப்பது பொழுதுபோக்கு. ஆகவே ஆள் உட்காரும் கூண்டின் தலையில் ஒரு குட்டி ராக்கெட்டை மாட்டினார்கள். கீழே ஏதாவது ஆனால் அது கூண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். இதைச் சோதிக்க அட்லஸ் ராக்கெட்டை எடுத்தால் ஒன்றுக்கு 25 லட்சம் டாலர் பழுத்துவிடும். மேக்ஸ் ஃபாஜே, பால் பர்சர் என்ற இரண்டு பொறியாளர்கள், திட எரிபொருள் மோட்டார்களை ஒன்றாகக் கட்டி, வழிகாட்டும் கருவி எதுவும் இல்லாமல், சுமார் 2 லட்சம் டாலரில் ஒன்றைத் தேற்றினார்கள். வரைபடத்தில் அதன் நான்கு ஓட்டைகள் பகடையில் விழுந்த இரண்டு இரண்டு போல இருந்தனவாம். சூதாடிகளின் வழக்கப்படி ‘லிட்டில் ஜோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தருமபுத்திரர் அதிகாரியாக இருந்திருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார்.

1959 ஆகஸ்ட் 21, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவு. ஏவுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பெருஞ்சத்தம். சுற்றி நின்றவர்கள் கிடைத்த பக்கம் ஓடினார்கள். புகை விலகியதும் பார்த்தால், லிட்டில் ஜோ வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. உச்சியில் இருந்த கூண்டைத்தான் காணோம்! மின்சுற்றுக் கோளாறில் தப்பிக்கும் கருவி தானாகவே ஆபத்தை உணர்ந்து, தானாகவே தப்பித்துவிட்டது. பெரிய பாராசூட் விரியவில்லை. கூண்டு கடலில் விழுந்து நொறுங்கியது. என்னைக் கேட்டால் அந்தக் கருவி தேறிவிட்டது என்றுதான் சொல்வேன். ஆபத்து வரும்வரை காத்திருப்பவனா கெட்டிக்காரன்?

டிசம்பரில் சாம் என்ற குரங்கை ஏற்றி 85 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். அவன் அட்லாண்டிக்கில் இறங்கி உயிரோடு மீண்டான். 1960 ஜனவரியில் மிஸ் சாம் என்ற இன்னொரு குரங்கு. அதே ஆண்டு நவம்பரில் தப்பிக்கும் ராக்கெட் மறுபடி அவசரப்பட்டது. இந்த முறை கூண்டு ராக்கெட்டை விட்டுப் பிரியவே இல்லை, மொத்தமும் ஜலசமாதி. 1961 மார்ச்சிலும் அதே அவசரம். ஏப்ரல் 28-இல்தான் ஒருவழியாகத் தேறியது. அதற்குள் ககாரின் பூமியைச் சுற்றிவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நம் வீட்டு லிட்டில் ஜோவுக்கு டிவி-டி1 என்று பெயர். மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் கூண்டைச் சோதிக்க, விகாஸ் எஞ்சினை மாற்றியமைத்து இஸ்ரோ செய்த ஒற்றை அடுக்கு ராக்கெட். 2023 அக்டோபர் 21 காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் மோசமான வானிலையால் முதலில் தாமதம். பிறகு எண்ணிக்கை இறங்கி ஐந்து நொடி மிச்சமிருக்கும்போது கணினி, “எனக்குச் சரியாகப் படவில்லை” என்கிற மாதிரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. வீதிவிடங்கனின் தேரில் இல்லாத சரக்கு அதுதான். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே பயணத்தைக் கெடுத்தார்கள்; கூண்டு பிய்த்துக்கொண்டு போய்ப் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. பயணம் பாதியில் கெட்டதற்கு அரங்கமே எழுந்து கைதட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடற்படை போய்க் கூண்டை மீட்டு வந்தது.

ஆளில்லாமல் போகும் முதல் ககன்யானில் வியோமித்ரா என்ற பெண் ரோபோவை அனுப்பத் திட்டம். பெங்களூரில் 2020-இல் அவளை அறிமுகப்படுத்தினார்கள். நன்றாகப் பேசுவாளாம். சாமிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இவளிடம் கேட்டால் வாயைத் திறந்து மறுத்துவிடக்கூடும்.