உரல் இல்லாத வளவுகள்

எழுபதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள எங்கள் கல்முனைக்குடியில் உடம்பு வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வட்டையில் வயல் வைத்திருந்த போடியார்மார், டவுனில் சாப்பு வைத்திருந்த சில முதலாளிமார், அவர்களுடைய வீட்டுப் பெண்கள் சிலர், அவ்வளவுதான். போடியார் வெள்ளைச் சாரனுக்கு மேல் அகலப் பச்சை பெல்ட் கட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகும்போது, பெல்ட்டைத் தாண்டித் தெரிந்த வயிற்றை ஊர் மரியாதையோடுதான் பார்த்தது. அரிசி கொண்டுபோகத் தடை, பாணுக்கு வரிசை, பல வீடுகளில் மரவள்ளிக்கிழங்கே இராச்சாப்பாடு என்றிருந்த 1973, 74 காலம் அது. வயிறு இருந்தால் அந்த வீட்டில் நெல் இருக்கிறது என்று அர்த்தம்.

பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "புள்ள நல்ல சதைப்பிடிப்பு" என்று சொன்னால் உம்மாமாரின் முகம் மலரும். மெலிந்த பெண்ணுக்கு ஏதோ வருத்தம் இருக்கிறது என்று கதை கட்டிவிடுவார்கள். அதனால் பெரியபிள்ளையான நாளிலிருந்து நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி என்று கொடுத்து உடம்பு தேற்றுவார்கள். என் மூத்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்ன மகள், கையில எலும்புதான் கிடக்குது, திங்கிறல்லையா?" என்று கேட்காத நாள் குறைவு.

ஆனால் அந்த மூத்தம்மாவே எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். சாப்பாடு இல்லாமல் அல்ல. காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்த பழஞ்சோறு, பகலுக்கு ஒரு கோப்பை நிறையச் சோறும் கீரிமீன் ஆணமும் முருங்கை இலைச் சுண்டலும், இரவுக்குப் புட்டு. இன்றைக்கு நாங்கள் தின்கிற சோற்றை விட அவர் தின்ற சோறு கட்டாயம் கூட. அது எங்கே போனது என்பதற்கு வளவின் மூலையில் கிடந்த உரல்தான் பதில்.

நெல்லை அவித்து, பன்பாயில் பரப்பிக் காயவைத்து, கோழி கொத்தாமல் காவல் இருந்து, பின்னேரம் உரலில் போடுவார்கள். ஓர் உரலுக்கு இரண்டு பேர். மூத்தம்மாவின் உலக்கை இறங்கும்போது உம்மாவின் உலக்கை மேலே இருக்கும். ஒரு கணம் பிசகினால் இரண்டும் மோதும், பிசகியதை நான் கண்டதில்லை. குற்றியதைச் சுளகில் அள்ளிப் புடைத்து, உமியை ஊதிவிட்டு, மிஞ்சிய நெல்லைப் பொறுக்கி மறுபடியும் உரலில் போட்டுத் தீட்டுவார்கள். உள்ளங்கையில் உலக்கை பட்ட இடம் காய்ச்சுப்போய் மஞ்சளாக இருக்கும். அது முடிந்தால் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, தேங்காய் துருவுவது, அம்மியில் கூட்டு அரைப்பது, விறகு கொத்துவது. மருதமுனைப் பக்கத்தில் இதற்கு மேல் தறி வேலையும் இருந்தது. குந்தி எழும்பாமல் ஒரு வேலையும் அன்று இல்லை.

பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் படுக்க வைத்துச் சரக்கு ஆணமும் நல்லெண்ணெயும் கொடுத்துத் தேற்றியதையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் பார்க்கிறேன். நாற்பத்தோராம் நாள் அவள் திரும்பவும் உரலுக்கு வந்துவிடுவாள். வருடம் முழுவதும் வேலை செய்கிற உடம்புக்குக் கொடுத்த ஓய்வு அது. இன்றைக்கும் அந்த நாற்பது நாளைக் குறையில்லாமல் செய்கிறோம். நாற்பத்தோராம் நாளில் அவளுக்கு ஒன்றும் காத்திருப்பதில்லை. இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை என்று ஒவ்வொரு பேற்றுக்கும் ஏறிய எடை இறங்காமல் தங்கிவிடுகிறது.

உரலை முதலில் ஓய்வாக்கியது மில். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூத்தம்மாவின் தோள்வலியை நினைத்தால் மில்லைக் கண்டுபிடித்தவனுக்கு துஆச் செய்யத்தான் தோன்றும். பிறகு 1977இல் நாட்டின் பொருளாதாரக் கதவு திறந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் ஆட்கள் போனார்கள், பெண்களும் வீட்டுப் பணிக்குக் கத்தாமாவாகப் போனார்கள். வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறந்தால் நிடோ டின், டேங் தூள், சொக்லட். அந்தப் பாலின் வாசனை எங்களுக்கெல்லாம் வெளிநாட்டின் வாசனை. குவைத்தில் வயதுவந்தவர்களில் 100க்குச் சுமார் 40 பேர் உடற்பருமன் உள்ளவர்கள் என்று 2014இல் எடுத்த கணக்கு சொல்கிறது. எண்ணெய்ப் பணம் அந்த நாட்டு உடம்புக்குச் செய்ததை, அதே பணத்தின் சிறு துண்டு எங்கள் ஊருக்கும் செய்தது.

ஆனால் எங்கள் ஊருக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அதை யாரும் உடம்போடு சேர்த்துப் பேசுவதில்லை. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூன்று மகள் என்றால் வாப்பாவின் வளவு மூன்றாகும், பேத்திமாருக்கு ஒன்பதாகும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீலம் நிலம். ஊர் எந்தப் பக்கமும் நகர இடமில்லை. 2004 டிசம்பர் 26 கடல் பொங்கி வந்து கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, 65 மீற்றருக்குள் வீடு கட்ட முடியாது என்றானது. அங்கிருந்தவர்களில் பலர் தொடர்மாடிகளுக்குப் போனார்கள். உரல் கிடந்த மூலையில் இன்றைக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. முருங்கை இல்லை, கோழிக்கூடு இல்லை, பிள்ளைகள் ஓட முற்றம் இல்லை. மதிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளிதான். யுத்த காலத்தில் வயலுக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிய ஆண்கள் யுத்தம் முடிந்ததும் வெளியே போய்விட்டார்கள், மோட்டார் சைக்கிளில் என்றாலும். பெண்கள் உள்ளேயே இருக்கிறார்கள்.

அந்தச் சிறிய வீட்டுக்குள் சாப்பாடு மட்டும் பெருகிக்கொண்டே போனது. பின்னேரத் தேத்தண்ணிக்குப் பேக்கரி பணிசும் ரோல்சும், இரவு பத்து மணிக்குக் கொத்து, கலியாணம் என்றால் சகன் நிறையப் புரியாணி, அதற்குப் பிறகு வட்டலப்பம். நோன்பு திறக்கக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதுமாக இருந்த இடத்தில் இன்றைக்கு எண்ணெயில் பொரித்தது ஐந்தாறு வகை. இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் காட்ட வேண்டும் என 2016இல் சட்டம் வந்தது, 2018ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பானங்களின் சீனிக்கு வரியும் வந்தது. சிவப்பு வட்டம் போட்ட போத்தல் இல்லாத விருந்தை நான் இன்னும் காணவில்லை.

2016இல் நாடளாவிய ரீதியில் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களில் 45 வீதமானவர்கள் எடை கூடியவர்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 15 வீதமானவர்கள் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்தார்கள். ஒரே வீட்டில் உம்மா கொழுத்தும் பிள்ளை மெலிந்தும் இருக்கிற நாடு இது. பணம் கூடியதால் வந்த நோய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் 2019-21 கணக்கில் பெண்களில் 40 வீதமானவர்கள் எடை கூடியவர்கள்.

எடை கூடியது என்று எதைச் சொல்கிறார்கள்? எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் உடற்பருமன். ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்துத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். 150 சென்டிமீற்றர் உயரமான எங்களூர்ப் பெண்ணுக்கு அது 52 கிலோ. அந்த எடையில் இருக்கிற ஒருத்தியை இங்கே யாரும் உடம்புக்காரி என்று சொல்லமாட்டார்கள். மெலிஞ்சுபோனாய் என்றுதான் சொல்வார்கள்.

ஏன் எங்களுக்கு மட்டும் இந்தக் கடுமையான கோடு? அதே 2004இல் லான்செட் சஞ்சிகையில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக், மற்றவர் லண்டன் யுட்கின். இருவருக்கும் அந்தக் கணக்கில் ஒரே எண், 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். எங்கள் பக்கத்து உடம்பு மெலிந்து தெரிந்தாலும் உள்ளே, வயிற்றைச் சுற்றி, கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. கருவிலேயே போசாக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நடக்கிறது என்று யாஜ்னிக்கின் ஆய்வுகள் காட்டுகின்றன. மரவள்ளி தின்ற காலத்து உம்மாமாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள்தான் இன்றைக்குச் சீனி வருத்தக் கிளினிக்கில் வரிசையாக நிற்கிறார்கள்.

அந்தக் கிளினிக் ஒன்றில் என் பக்கத்து வீட்டு ராத்தாவோடு நானும் போய் உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸி அபாயாவுக்கு மேலாக டேப்பைச் சுற்றினார். "ராத்தா, மூச்ச இழுக்காதீங்க, சும்மா நில்லுங்க." பெண்ணுக்கு இடுப்பு 80 சென்டிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. டேப் தொண்ணூற்றைத் தாண்டி நின்றது. "ரெண்டு நேரந்தான் மிஸ்ஸி சோறு தின்கிற" என்றார் ராத்தா, களவு பிடிபட்டவரைப் போல. டொக்டர் கொப்பியில் எழுதிக்கொண்டே, "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடங்க உம்மா" என்றார்.

"எங்க டொக்டர் நடக்கிற?"

ராத்தா வாதாடவில்லை, உண்மையாகவே கேட்டார். டொக்டரிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் அவரும் அல்ல.

உலகத்தில் இன்றைக்கு 100 கோடிக்கு மேற்பட்டவர்கள் உடற்பருமன் உள்ளவர்கள் என்று 2022க்கான கணக்கு சொல்கிறது. பசிபிக் தீவுகளான தொங்காவிலும் நவுருவிலும் வயதுவந்தவர்களில் பாதிக்கும் மேல். எங்களைப் போலவே சோறு தின்கிற வியட்நாமில் மிகமிகக் குறைவு. ஆகவே சோற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நவுருக்காரர்கள் மீன்பிடித்தும் தோட்டம் வைத்தும் வாழ்ந்தவர்கள். பொஸ்பேற்றுக்காக அந்தத் தீவைத் தோண்டியெடுத்த பிறகு, கப்பலில் வருகிற டின் சாப்பாட்டை நம்ப வேண்டியதாயிற்று. நிலம் போனவர்களுக்கு உடம்பும் போகிறது என்பதை எங்கள் கீலம் நிலத்தில் நின்று பார்த்தால் நன்றாக விளங்கும்.

ஊரில் இதைப் பற்றிய பேச்சு எப்போதும் பெண்ணின் வாயில்தான் போய் நிற்கிறது. தின்று தின்று கொழுத்துவிட்டாள் என்கிறார்கள். பிள்ளைகளே உம்மாவைச் சொல்கிறார்கள், கணவன்மார் கட்டாரிலிருந்து வீடியோவில் பார்த்துச் சொல்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. உரலை வாங்கிக்கொண்டோம், வளவை வாங்கிக்கொண்டோம், தெருவை அவளுக்குக் கொடுக்கவில்லை. பின்னேரம் சந்தாங்கேணி மைதானத்தில் பையன்கள் காற்பந்து ஆடுகிறார்கள், கண்ணுக்கு நல்ல காட்சி. அவர்களின் தங்கைமாருக்குப் பத்து வயதோடு ஓட்டம் முடிந்துவிடுகிறது.

சுபஹுக்குப் பிறகு, இருள் விலகுவதற்கு முன், கடற்கரை வீதியில் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் போகிறேன். நாய்க்குப் பயம், மோட்டார் சைக்கிளில் வருகிற பையன்களின் பேச்சுக்குப் பயம், வெளிச்சம் வந்துவிட்டால் நாணம். பள்ளிவாசல்காரர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நாங்கள் கேட்பது பெரிதல்ல. வாரத்தில் இரண்டு பின்னேரம் ஒரு மைதானம், பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கும் ஒழுங்கான விளையாட்டுப் பாடம், கடற்கரை வீதிக்கு விளக்கு. மைதானத்துக்கு மறைப்பு வேண்டும் என்றால் அந்தச் செலவை நாங்களே சேர்த்துத் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறோம்.